டயர் தூள், துணி இழை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஓடும்போது டயரிலிருந்து தேயும் தூளும், துவைக்கும்போது பாலியஸ்டர் போன்ற துணியிலிருந்து உதிரும் இழையும் நுண்பிளாஸ்டிக் (மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்) மாசாகக் கணக்கிடப்படுகின்றன. அவை பற்றிய கேள்விகள் இவை.

கேள்வி: டயர் ரப்பர்தானே சார், அதை ஏன் பிளாஸ்டிக்கில் சேர்க்கிறார்கள்?

கார் டயரிலுள்ள ரப்பரில் மரத்துப் பால் ரப்பர் ஒரு பங்குதான். மீதி பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை ரப்பர். தேய்ந்த தூள் சாலை மண்ணோடு ஒட்டிக் கனமாகிவிடும். அதனால் பெரும்பாலும் மிதக்காமல் வடிகால் சேற்றிலும் ஓடைப் படுகையிலும் தங்கும்.

கேள்வி: தூளை விட அதிலுள்ள ரசாயனம் ஆபத்தா?

சில மீன்களுக்கு, ஆம். காற்றிலுள்ள ஓசோன் பட்டு டயரில் விரிசல் விழாமலிருக்க 6பிபிடி என்ற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். அது ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ஓடைகளில் மழை பெய்தாலே கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. காரணம் இதுதான் என்று 2020-இல் தெரிந்தது. லிட்டருக்கு 95 நானோகிராம் இருந்தாலே இளம் கோஹோவில் பாதி இறந்துவிடும். அதே நீரில் சம் சால்மன் என்ற இன்னொரு வகை பிழைத்துக்கொள்கிறது. சாலை நீரை 60 சதவீத மணலும் 40 சதவீத மக்கிய உரமும் கலந்த படுகை வழியே இறக்கினால் கோஹோவும் சாவதில்லை. வடிகாலை நேரே ஓடையில் விடும் ஊர்கள் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான்.

கேள்வி: வண்டி வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

மாதம் ஒருமுறை, ஓட்டுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். அளவு ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும். காற்று குறைந்தால் இரு ஓரமும் தேயும், கூடினால் நடுப்பகுதி தேயும். டயரின் குறுக்கே கையால் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் திரும்பத் தடவும்போது ரம்பம் போலவும் இருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டிருக்கிறது.

கேள்வி: மின்சாரக் காரில் இது குறையுமா?

பிரேக் தூள் குறையும். பேட்டரி எடையால் டயர் தூள் குறையாது, கூடவும் செய்யலாம்.

கேள்வி: பாலியஸ்டர் துணியை வாஷிங் மெஷினின் டெலிகேட் (மென்துவைப்பு) முறையில் துவைத்தால் இழை குறைவாக வருமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த முறை தண்ணீர் அதிகம் பிடிக்கும். துணியைவிடத் தண்ணீர் கூடினால் இழையும் கூடுதலாக உதிரும். மெஷினை நிரப்பி, குளிர்ந்த நீரில், 30 நிமிடக் குறுகிய சுற்றில் போடுங்கள். புதுத் துணி முதல் சில துவைப்புகளில்தான் அதிகம் உதிர்க்கும்.

கேள்வி: மெஷினுக்கு வெளியே மாட்டும், இழையைப் பிடிக்கும் ஃபில்டர் பயன் தருமா மேடம்?

தரும். கனடாவின் பாரி சவுண்ட் ஊரில் 97 வீடுகளில் பொருத்தியதும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் நுண்ணிழை கணிசமாகக் குறைந்தது. மெஷினின் கழிவுநீர்க் குழாயில் மாட்டுங்கள். அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னேறி மெஷின் நின்றுவிடக்கூடும். சேர்ந்த பஞ்சைக் குழாயடியில் அலசினால் பிடித்த இழை மறுபடி சாக்கடைக்கே போகும். காயவைத்து, உரித்தெடுத்து, மூடிய பையில் குப்பையில் போடுங்கள்.