கொடைக்கானலில் 5 நட்சத்திரம் வாங்கிய ஹோம்ஸ்டே, 4.4 வாங்கியதைவிட நல்லதா?

அப்படிச் சொல்லவே முடியாது. எத்தனை பேர் போட்டது என்று முதலில் பாருங்கள். 4 பேர் போட்ட 5-ஐவிட 600 பேர் போட்ட 4.4-ஐத்தான் நான் நம்புவேன். அந்த நாலு பேரும் ஹோம்ஸ்டே நடத்துபவரின் உறவினர்களாகவே இருக்கலாம்.

சரி, ஓட்டு நிறைய இருந்தால் போதுமா? அங்கேதான் பெரிய கோளாறு. முதலில் விழும் ஓட்டு பின்னால் வருபவர்களையும் இழுத்துவிடும். 2013-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில், ஒரு செய்தித் தளத்தின் வாசகர் கருத்துகளில் சிலவற்றுக்கு ஆய்வாளர்களே ஒரு சாதக ஓட்டைப் போட்டு வைத்தார்கள். அவற்றின் கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடிவிட்டது. கருத்து அதேதான், மாறியது அந்த ஒரு ஓட்டு மட்டும்!

மலையில் இன்னொரு சிக்கல், சீசன். மே மாத நெரிசலில் தங்கியவரும் ஜூலையில் தங்கியவரும் பார்த்தது வேறு வேறு. சராசரி இரண்டையும் கலந்துவிடும். அதனால் நீங்கள் போகும் மாதத்தில், 2, 3 நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள். “வெந்நீர் ரெண்டு பக்கெட்டோடு நின்றுவிட்டது”, “கடைசி ஏற்றத்தில் ஜீப்தான் போகும்” என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.