சபை ஹாலில் டைனர் டின்னர் தியேட்டர்: கேள்வி பதில்

அமெரிக்கக் கிறிஸ்தவச் சபைகளில் நிதி திரட்டவும் அக்கம்பக்கத்தாரை அழைக்கவும் டின்னர் தியேட்டர் போடும் வழக்கம் உண்டு. சாப்பாட்டுக்கு நடுவே நாடகம் நடக்கும், சாப்பிட வந்தவர்களும் கதைக்குள் வருவார்கள். 1950-களின் டைனர் உணவகத்தைக் களமாக வைத்து இதைப் போட நினைக்கும் சபையார் கேட்டவற்றுக்கு இங்கே பதில்கள். அளவுகள் எல்லாம் 96 பேருக்கு.

அக்கா, எங்கள் ஃபெலோஷிப் ஹால் 40-க்கு 60 அடி. 150 டிக்கெட் விற்கலாமா? (வாலிபர் ஐக்கியத் தலைவர், நியூ ஜெர்சி)

வேண்டாம், தம்பி. மேசை நாற்காலி போட்ட கூட்டத்துக்குக் கட்டட விதிகள் ஆளுக்கு 15 சதுர அடி கேட்கின்றன. 2,400 சதுர அடிக்கு 160 பேர் என்று கணக்கு வரும், ஆனால் அதில் செட்டுக்கும் நடிகர்கள் நடமாடவும் இடம் கிடையாது. ஐந்தடி வட்ட மேசை 12, மேசைக்கு 8 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே மூன்று, நீளவாக்கில் நான்கு. மேசை விளிம்புக்கு விளிம்பு ஐந்தடி விட்டால், இரு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும் தட்டோடு ஒருவர் போக வழி இருக்கும். இரு ஓரங்களிலும் ஏழரை அடி மிஞ்சும், பரிமாறுபவர்கள் அதில் போய் வரட்டும். நீளத்தில் மிஞ்சும் இடம் கவுண்டருக்கு. வாசலில் தீயணைப்புத் துறை ஒட்டியிருக்கும் எண்ணிக்கை இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் உங்கள் வரம்பு. செட் எந்த அவசர வழியையும் மறைக்கக் கூடாது.

செட்டை எப்படி அமைப்பது? கையில் பணம் குறைவு. (ஹூஸ்டன்)

பணத்தை டைனர் கவுண்டர் செய்யச் செலவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. டைனரின் தொடக்கம் 1872-ல் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் நடத்திய குதிரை வண்டிச் சாப்பாட்டுக் கடை. பிற்காலத்தில் கடையையே தொழிற்சாலையில் கட்டி, சாலை வழியே இழுத்து வந்து நிறுத்தினார்கள். அதனால்தான் டைனர் நீளமாகவும் ஒடுங்கியும் இருக்கும். செட்டும் அப்படியே 16 அடி நீளம், ஆறடி ஆழம் இருந்தால் போதும்.

எட்டடிக் கவுண்டர் இரண்டு, உயரம் 42 அங்குலம், இரண்டுக்கு நான்கு மரச்சட்டம், முன்பக்கம் கால் அங்குல பிளைவுட். மேல் பாதிக்குச் சிவப்பு, கீழ்ப் பாதிக்கு வெள்ளிப் பெயின்ட். பெயின்டுக்குப் பதில் கூரைத் தகடு அடிப்பவர்கள் அதன் விளிம்பை மூடிவிடுங்கள், அது முட்டியைக் கிழிக்கும். ஸ்டூல் 30 அங்குலம். நிஜ டைனரில் ஸ்டூலில் உட்கார்ந்தவரின் முகம் கவுண்டர் பக்கம்தான் இருக்கும். மேடையில் அப்படி உட்கார்ந்தால் மக்களுக்கு முதுகுதான் தெரியும். சுழலும் ஸ்டூல் வாங்கி, வசனத்துக்குத் திரும்பப் பழக்குங்கள். பின்வரிசைக்குத் தெரிய 16 அங்குல உயர மேடை வேண்டும்.

கறுப்பு வெள்ளைக் கட்டத் தரைக்கு ஓரடி ஸ்டிக்கர் ஓடுகள் கிடைக்கும். நேரே ஹால் தரையில் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது பசை நின்றுவிடும். கால் அங்குல ஹார்ட்போர்டில் ஒட்டி, விளிம்பை காஃபர் டேப்பால் (பசை விடாத துணி டேப்) ஒட்டி மூடுங்கள். விளிம்பு தூக்கிக்கொண்டால் பரிமாறுபவர்தான் முதலில் தடுக்கி விழுவார்.

பர்கர், ஃபிரெஞ்ச் ஃபிரை, மில்க்ஷேக் கொடுக்கலாம் என்று பெண்கள் ஐக்கியம் சொல்கிறது. சரிவருமா? (டல்லஸ், சமையல் பொறுப்பு சகோதரி)

மூன்றும் வேண்டாம், சிஸ்டர். ஃபிரை பத்தே நிமிடத்தில் நமுத்துவிடும். பர்கரைச் சூடாக அடுக்கி வைத்தால் பன் ஊறிப்போகும். மில்க்ஷேக்கை ஒவ்வொன்றாக மிக்ஸியில் அடித்து 96 பேருக்குக் கொடுப்பதற்குள் நாடகமே முடிந்துவிடும்.

மீட்லோஃப் (கொத்திறைச்சியை ரொட்டிபோல் உருட்டி ஓவனில் சுடுவது), மசித்த உருளைக்கிழங்கு, பச்சை பீன்ஸ் போதும். டைனர்களின் பழைய தினச் சாப்பாடும் இதுதான். சூட்டில் காத்திருந்தாலும் கெடாது. மூன்று பவுண்டு கலவையைத் தட்டில் கையால் நீளமாக உருட்டினால் எட்டுத் துண்டு வரும். 96 துண்டுக்கு 12 லோஃப், உடைவதற்குச் சேர்த்து 14. ஓவன் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். நடுவில் தெர்மாமீட்டர் 160 காட்ட வேண்டும். எடுத்தவுடன் வெட்டினால் பொடிந்துவிடும், 15 நிமிடம் விடுங்கள்.

முதல் நாளே சமைத்து வைப்பதில்தான் ஆபத்து. வெந்த உணவு 135-லிருந்து 70 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்திலும், அங்கிருந்து 41-க்கு அடுத்த நான்கு மணி நேரத்திலும் இறங்க வேண்டும். முழு லோஃபை ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி அவ்வளவு வேகமாக ஆறாது. அன்றே சமையுங்கள். சூட்டுத் தொட்டி சூட்டைக் காக்கும், ஆறியதைச் சூடாக்காது. ஆறியது என்றால் ஓவனில் 165-க்கு ஏற்றிய பிறகுதான் தொட்டிக்குப் போக வேண்டும். அதில் 135-க்குக் கீழே இறங்க விடக் கூடாது, 140-ல் வைத்தால் நிம்மதி.

உருளைக்கிழங்கு 40 பவுண்டு. பாலையும் வெண்ணெயையும் சூடாக்கிச் சேர்த்துக் கையால் மசியுங்கள், மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும். பீன்ஸ் 24 பவுண்டு. சைவர்களுக்கு மேக் அண்ட் சீஸ், முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள்.

மில்க்ஷேக்குக்குப் பதில் ரூட் பீர் ஃப்ளோட், அதாவது ரூட் பீர் என்ற மது இல்லாத சோடாவில் ஐஸ்கிரீம் மிதக்க விடுவது. ஆளுக்கு இரண்டு கால்-கப் கரண்டி வெனிலா, மொத்தம் 192 கரண்டி, நான்கு காலன் வாங்குங்கள். முதல் நாள் இரவே உருண்டைகளைக் காகிதம் விரித்த தட்டுகளில் எடுத்து ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு லிட்டர் ரூட் பீர் பாட்டில் பத்து. 16 அவுன்ஸ் கப்பில் முதலில் ரூட் பீர், நுரை அடங்கியதும் உருண்டைகள். சின்னக் கப் என்றால் மேசைத் துணியெல்லாம் வழியும்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? (அட்லாண்டா)

பல சபைகளில் நாடகம் சறுக்குவது இங்கேதான். நடிப்புக் குழு ஒரு பக்கம் ஒத்திகை பார்க்கிறது, சமையல் குழு வேறொரு நாள் கூடுகிறது. கடைசியில் உணர்ச்சியான வசனத்தின் மேல் தட்டுச் சத்தம் கேட்கிறது. இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். மேடை மேலாளரிடம் ஒரு வாக்கி-டாக்கி, சமையலறைப் பொறுப்பாளரிடம் ஒன்று. மேலாளர் சொல்லாமல் ஒரு தட்டும் வெளியே வரக் கூடாது.

5:30-க்குக் கதவு திறக்கும், நடிகர்களே வேடத்தோடு உட்கார வைப்பார்கள். சாலட் முன்பே மேசையில் இருக்கட்டும். 6:00-க்கு ஜெபம், 6:15-க்கு முதல் காட்சி. 6:30-லிருந்து சாப்பாடு. 7:10-க்கு இரண்டாம் காட்சி, 7:30-க்கு ஃப்ளோட்டும் மேசை விசாரணையும் (கதையின் மர்மத்தை ஒவ்வொரு மேசையும் துப்பறிவது), 7:50-க்கு யார் செய்தது என்று ஓட்டு, 8:05-க்கு முடிவுக் காட்சி. எந்தக் காட்சியும் 20 நிமிடம் தாண்ட வேண்டாம். தட்டெடுப்பது காட்சிகளுக்கு இடையில் மட்டும்.

பரிமாற ஆறு பேர், ஆளுக்கு இரண்டு மேசை. தட்டு நிரப்ப இரண்டு வரிசை, வரிசைக்கு 48. ஒரு வரிசை நிமிடத்துக்கு நான்கு தட்டு கொடுத்தால் 12 நிமிடத்தில் முடியும். பெரிய வேடக்காரர்கள் சூடான தட்டைத் தூக்க வேண்டாம், நிஜமாகப் பரிமாறுபவர்களுக்கு ஒற்றை வரி வசனம் கொடுங்கள்.

போன முறை பாதி நாடகத்தில் கரன்ட் போய்விட்டது. ஏன்? (சிகாகோ)

காபி அர்ன்தான் (கூட்டத்துக்குக் காபி போடும் பெரிய மின்பாத்திரம்) காரணமாக இருக்கும். நூறு கப் அர்ன் சுமார் 1,500 வாட், 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர். 15 ஆம்பியர் பிரேக்கரில் தொடர்ந்து 12-க்கு மேல் இழுக்கக் கூடாது, 20-ல் 16. இரண்டு அர்னை ஒரே சர்க்யூட்டில் போட்டால் 25, பிரேக்கர் விழுந்து கரன்ட் போய்விடும். அர்ன் ஒன்றுக்கு 20 ஆம்பியர் சர்க்யூட் ஒன்று, மேடை விளக்குக்குத் தனி. எந்தச் சுவிட்ச்போர்டு எந்தப் பிரேக்கரில் இருக்கிறது என்று ஒரு விளக்கைச் செருகிப் பார்த்து எழுதி வையுங்கள். அர்னை 4 மணிக்கே போட்டால் மக்கள் வருமுன் கொதித்துவிடும், பிறகு குறைவாகத்தான் இழுக்கும்.

சபைக்குள் நடப்பதால் பழைய பாடல்களுக்கு உரிமம் வேண்டாம்தானே? (சான் ஹோசே)

பெரும்பாலும் வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 110(3) பிரிவு ஆராதனை நடக்கும் வேளையில் பாடுவதற்கு மட்டுமே விலக்கு தருகிறது. டிக்கெட் வைத்த நாடகம் ஆராதனை ஆகாது. சபைகள் வாங்கும் சிசிஎல்ஐ உரிமம் ஆராதனைப் பாடல்களுக்கானது. பின்னணியில் ஓடும் பாட்டுக்குப் பொதுவாக, பாடல் உரிமையாளர்களுக்காகக் கட்டணம் வாங்கும் ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளிடம் உரிமம்; நடத்துபவர் யாருக்கும் பணம் தராமல், செலவு போக வருமானம் முழுவதும் சபைப் பணிக்கே போனால், உரிமையாளர் எதிர்க்காதவரை 110(4) பிரிவின் விலக்கு பொருந்தலாம். கதாபாத்திரமே பாடி அது கதையோடு பின்னப்பட்டால் அதற்குப் பதிப்பாளரிடம் தனி அனுமதி. அச்சான நாடகம் என்றால் ஒவ்வொரு முறை போடுவதற்கும் ராயல்டி (உரிமைத் தொகை), பிரதியை நகலெடுப்பதும் தப்பு. சபையில் எழுதத் தெரிந்தவர் இருந்தால் சொந்தமாக எழுதுவதே நல்லது.

பழைய வயர்லெஸ் மைக் நாலு இருக்கிறது. பயன்படுத்தலாமா? (டெட்ராய்ட்)

அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 617–652 அல்லது 663–698 மெகாஹெர்ட்ஸ் என்றால் 2020 ஜூலை 13 முதல் சட்டப்படி தடை.

கொலை மர்மம் வேண்டாம் என்கிறார் போதகர். மக்களும் கூச்சப்படுவார்கள். என்ன செய்யலாம்? (சியாட்டில்)

போதகர் சொல்வது சரி, குழந்தைகளும் வருவார்களே. முதலாளியம்மாவின் ஆப்பிள் பை செய்முறைச் சீட்டு காணாமல் போகட்டும். யார் எடுத்தது என்பதற்கு மேசைக்கு ஒரு ஓட்டு.

கூச்சத்தைக் கதவிலேயே கரைக்க வேண்டும். டைனர்களில் ஆர்டரைச் சமையல்காரருக்குக் கத்திச் சொல்லும் தனிப் பேச்சு உண்டு. டோஸ்ட் மேல் இரண்டு போச்டு முட்டைக்கு ‘ஆடம் அண்ட் ஈவ் ஆன் எ ராஃப்ட்’, தீர்ந்துபோனதற்கு ‘எய்ட்டி சிக்ஸ்’. மேசைக்கு ஒரு வாக்கியத்தைப் பரிமாறுபவர் கற்றுத் தரட்டும், எட்டுப் பேரும் சேர்ந்து கத்தட்டும். கூட்டமாகக் கத்தியவருக்குத் தனியாகப் பேசக் கூச்சம் குறையும். பிறகு பச்சை பில் சீட்டில் துப்பு எழுதிக் கொடுங்கள்: ‘மேசை 7, பை 1, காபி 2, நேரம் 9:40’. அந்த நேரத்தில் கடையில் யாருமில்லை என்று சமையல்காரர் முன்பே சொல்லியிருப்பார். மேடைக்கு யாரை அழைக்கப் போகிறீர்களோ அவரை முதல் காட்சிக்கு முன்பே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். மறுப்பவரைக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

ஒவ்வாமை பற்றி அறிவிக்க வேண்டுமா? (பாஸ்டன்)

முன்பதிவுப் படிவத்திலேயே கேளுங்கள். அமெரிக்கப் பட்டியலில் ஒன்பது: பால், முட்டை, மீன், ஓட்டுடலி (இறால், நண்டு வகை), மரக் கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, 2023 முதல் எள். மீட்லோஃபில் முட்டையும் ரொட்டித்தூளும் இருக்கின்றன, ரொட்டித்தூள் பொட்டலத்தில் எள், சோயா உண்டா என்று படியுங்கள். ஒவ்வாமைத் தட்டைத் தனியாக நிரப்பி, பெயர் ஒட்டி, முதலில் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள்.