வாலில்லா எலி வாங்கலாமா? வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை எல்லாமே வயர்லெஸ் கேமிங் மவுஸ் பற்றிய கேள்விகள். நான் மவுஸ் விற்பவன் அல்ல, பழுது பார்ப்பவன். நன்றாக ஓடும் மவுஸை யாரும் என்னிடம் கொண்டுவருவதில்லை. ஆகவே என் பதில்களில் குறைகள் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளி இறுதியாண்டு படிக்கும் என் மகன், கணினி விளையாட்டில் தோற்கும்போதெல்லாம் "ஒயர் இழுக்கிறது அம்மா, அதனால்தான்" என்கிறான். வயர்லெஸ் மவுஸ் கேட்டு நச்சரிக்கிறான். உண்மையிலேயே ஒயரில் கோளாறு உண்டா, அல்லது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையா?

பதில்: கூடமும் கொஞ்சம் கோணல்தான் அம்மா.

துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளில் தேர்ந்தவர்கள் மவுஸின் வேகத்தைக் குறைத்தே வைத்துக்கொள்வார்கள். அப்போதுதான் குறி நுணுக்கமாக அமையும். அதற்கு விலையாக, திரையில் முழுதாகத் திரும்ப வேண்டுமென்றால் கையை மேசையில் ஒரு முழம்கூட வீச வேண்டியிருக்கும். அந்த வீச்சில் ஒயர் மேசை விளிம்பில் உரசும், மானிட்டரின் காலில் மாட்டும். இடப்பக்கம் போகும்போது ஒரு இழுப்பு, வலப்பக்கம் வரும்போது வேறொரு இழுப்பு. கை பழகுவதே ஒரே சீரான எதிர்ப்புக்குத்தான். அது மாறிக்கொண்டே இருந்தால் குறி தப்பும். பையன் முழுப் பொய் சொல்லவில்லை.

எடையிலும் இப்போது அவன் கட்சிக்கு வலு கூடியிருக்கிறது. ஒரு காலத்தில் வயர்லெஸ் என்றாலே பேட்டரியைச் சுமந்த கனமான மவுஸ். 2018-இல் வந்த லாஜிடெக் ஜி புரோ வயர்லெஸ் 80 கிராம். 2020-இல் அதன் அடுத்த வடிவமான சூப்பர்லைட் 63 கிராமுக்கும் கீழே இறங்கியது. 2024-இல் வந்த ரேசர் வைப்பர் வி3 புரோ 54 கிராம். ஒயர் உள்ள பல மவுஸ்களைவிட இவை இலேசானவை.

ஆனாலும் உடனே பணத்தை எடுக்காதீர்கள். ஒயரை மேசையிலிருந்து உயர்த்திப் பிடித்துக்கொள்ளும் சிறு தாங்கி கிடைக்கிறது, மவுஸ் பங்கி என்பார்கள். அதை வாங்கி வைத்து, ஒயரில் கொஞ்சம் தளர்வு விட்டு ஆடச் சொல்லுங்கள். ஒயர்தான் சிக்கல் என்றால் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். அப்போதும் தோற்றால், இணைய வேகம் என்ற அடுத்த காரணத்தைக் கேட்கத் தயாராக இருங்கள்.

கேள்வி: வயர்லெஸ் என்றால் தாமதம் என்று மூத்த வீரர்கள் சொல்கிறார்கள். விளம்பரத்திலோ 8000 ஹெர்ட்ஸ் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: மூத்தவர்கள் சொல்வது பழைய மவுஸ்களுக்குப் பொருந்தும். சாதாரண அலுவலக மவுஸ் விநாடிக்கு 125 முறை (இதைத்தான் 125 ஹெர்ட்ஸ் என்கிறார்கள்), அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை, தன் இடத்தைக் கணினிக்குச் சொல்கிறது. நல்ல கேமிங் மவுஸ் 1000 முறை சொல்கிறது, அதாவது ஒவ்வொரு மில்லி விநாடியும். டாங்கிளோடு, அதாவது கணினியின் யூஎஸ்பி துளையில் செருகும் சிறு துண்டோடு, வரும் தரமான வயர்லெஸ் மவுஸ் இந்த வேகத்தில் ஒயருக்குச் சளைத்ததல்ல. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்தை மாற்றவே ஏறத்தாழ 17 மில்லி விநாடி எடுக்கிறது. நம் கண் பார்த்து விரல் அழுந்த 200 மில்லி விநாடி அளவில் ஆகிறது. தாமதத்தைத் தேடுபவர்கள் முதலில் மானிட்டரைப் பார்க்கட்டும்.

8000 ஹெர்ட்ஸ் என்றால் மில்லி விநாடியில் எட்டில் ஒரு பங்குக்கு ஒருமுறை. 240 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் ஓடும் மானிட்டர், வலுவான பிராசஸர், போட்டி ஆட்டம் எல்லாம் சேர்ந்தால் சிலருக்கு நகர்வு இன்னும் சீராகத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிவது பேட்டரிக் கணக்கு. மேலே சொன்ன வைப்பர் வி3 புரோ 1000 ஹெர்ட்ஸில் 95 மணி நேரம் வரை தாங்கும் என்று அதன் நிறுவனமே சொல்கிறது, 8000 ஹெர்ட்ஸில் 17 மணி நேரம் வரை. நாளுக்கு 8 மணி நேரம் புழங்குபவர் முதல் வேகத்தில் ஏறக்குறைய 12 நாளுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுவார். இரண்டாவதில் இரண்டு நாளுக்கு ஒருமுறை.

இதைச் சின்ன தொந்தரவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். லித்தியம் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளில் (முழுக்க ஏற்றி முழுக்கத் தீர்ப்பது ஒரு சுற்று) தளரத் தொடங்குகிறது. 500 என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு நாளுக்கு ஒரு சுற்று என்றால் மூன்று ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். 12 நாளுக்கு ஒன்று என்றால் சுற்றுகள் தீரும் முன்பே பேட்டரி வயதாகிப் போயிருக்கும். ஆகவே அன்றாட வேலைக்கு 1000-இல் வையுங்கள். போட்டி நாளில் வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புளூடூத்தில் இணைத்து ஆடலாமா?

பதில்: சீட்டாட்டம், சதுரங்கம் என்றால் தாராளமாக. குறிபார்த்துச் சுட வேண்டுமென்றால் டாங்கிளைச் செருகுங்கள்.

கேள்வி: வாங்கிய புதிதிலேயே திரையில் அம்பு விட்டுவிட்டு நகர்கிறது. பேட்டரி நிறைய இருக்கிறது. கணினிப் பெட்டி மேசைக்கு அடியில், டாங்கிள் அதன் பின்பக்கம், பக்கத்துத் துளையில் வெளி ஹார்டு டிஸ்க். மவுஸைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில்: கொடுக்க வேண்டாம். நோய் என்ன என்பதை நீங்களே கேள்வியில் எழுதிவிட்டீர்கள்.

டாங்கிள் ஒரு குட்டி ரேடியோ. 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் மவுஸோடு பேசுகிறது. நடுவில் இரும்புப் பெட்டி, மேசைப் பலகை, உங்கள் கால்கள். போதாததற்குப் பக்கத்தில் ஹார்டு டிஸ்க். யூஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது அதே 2.4 கிகா ஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சல் கசிகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஹார்டு டிஸ்கில் பெரிய கோப்பை நகல் எடுக்கும் நேரத்தில் அம்பு அதிகமாகத் தடுமாறுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் ஐயமே வேண்டாம்.

மவுஸ் வந்த பெட்டியில் ஒரு சிறிய நீட்டிப்புத் துண்டோ, டாங்கிளை மாட்டும் சிறு மேடையோ இருந்திருக்கும். பலர் அதை என்னவென்றே தெரியாமல் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள். தேடி எடுங்கள். இல்லாவிட்டால் சார்ஜ் கேபிளையே நீட்டிப்பாக மாற்றிக்கொள்ளும் வசதி சில மாடல்களில் உண்டு. டாங்கிளை மேசை மேல், மவுஸுக்கு ஒரு சாண் தொலைவில், கண்ணுக்கு நேராகத் தெரியும்படி வையுங்கள். வைஃபை ரவுட்டரும் மேசை மீதே இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள், அல்லது கணினியை 5 கிகா ஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். மவுஸ் கெட்டுவிட்டது என்று என்னிடம் வருபவை பலவற்றில் இதுதான் மருத்துவம், மவுஸைத் திறக்க வேண்டிய வேலையே இருப்பதில்லை. ஒயர் மவுஸில் இந்தத் தலைவலி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செருகினால் வேலை செய்யும், அவ்வளவுதான்.

கேள்வி: இரவு முழுவதும் சார்ஜில் விட்டால் மவுஸ் வெடித்துவிடுமா?

பதில்: பேட்டரி நிறைந்ததும் உள்ளே உள்ள மின்சுற்று மின்சாரத்தை நிறுத்திவிடும், பயப்பட வேண்டாம். நீங்கள் பயப்பட வேண்டியது அதற்கு நேரெதிரான பழக்கத்துக்கு. தேர்வு வருகிறது என்று மவுஸை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள், அதுவும் பேட்டரி முழுக்க வற்றிய நிலையில். மாதங்கள் கழித்து எடுத்தால் சார்ஜே ஏறாது. அளவுக்கு மீறி வற்றிய லித்தியம் பேட்டரியைப் பாதுகாப்புச் சுற்று ஏற்க மறுத்துவிடும். நெடுநாள் வைப்பதானால் பாதியளவு ஏற்றி, அடியில் உள்ள சுவிட்சை அணைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

சில மவுஸ்களில் பேட்டரி உப்பிவிடுவதும் உண்டு. என்னிடம் வந்த ஒன்றில் இடது பட்டன் அழுந்தவே இல்லை. சுவிட்ச் போய்விட்டது என்றுதான் கொண்டுவந்தவர் நினைத்திருந்தார். திறந்தால் பேட்டரி வீங்கி மேலோட்டை முட்டிக்கொண்டு நின்றது. மேலோடு தூக்கினாற்போல் தெரிந்தாலோ, பட்டன் திடீரென இறுகினாலோ சார்ஜ் ஏற்றுவதை நிறுத்துங்கள். குத்தவோ நசுக்கவோ கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

மாற்று பேட்டரி போடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் திருகுகள் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். உரித்தால் அவை மடங்கிப் போகும், புதுப் பட்டை வாங்க வேண்டும். சரியான அளவு பேட்டரியும் தேட வேண்டும். இந்த இழுபறி பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது, சாதாரண ஏஏ பேட்டரி போடும் மாடல். 2018-இல் வந்த லாஜிடெக் ஜி305 அப்படிப்பட்டது. ஒரே ஏஏ பேட்டரியில் 250 மணி நேரம் வரை ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. பேட்டரியோடு சேர்த்து 99 கிராம், சற்றுக் கனம்தான். ஏஏ வடிவிலேயே வரும் லித்தியம் பேட்டரியைப் போட்டால் சில கிராம் குறையும். அழகிலும் எடையிலும் அது பின்தங்கலாம். பத்து ஆண்டு கழித்தும் அதற்குப் பேட்டரி கிடைக்கும். என் சொந்தப் பணமென்றால் நான் அதன் பக்கம்தான் சாய்வேன்.

கேள்வி: ஒருமுறை கிளிக் செய்தால் இரண்டு கிளிக் விழுகிறது. வயர்லெஸ் என்பதாலா?

பதில்: ஒயர் மவுஸுக்கும் வரும் நோய்தான் இது. பட்டனுக்குக் கீழே உள்ள சுவிட்சில் ஒரு மெல்லிய உலோகத் தகடு இன்னொரு முனையைத் தொட்டு விலகுகிறது. தொடும் இடத்தில் ஆக்சைடு படலம் படிந்தாலோ, தகடு தளர்ந்தாலோ, ஒரு அழுத்தம் இரண்டாகப் பதிவாகிறது. வயர்லெஸ் மவுஸ்களில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சுவிட்ச் வழியே குறைந்த மின்னோட்டமே விடுகிறார்கள். அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டு போக அது போதாமல் போவதும் உண்டு. அந்த வகையில் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

உலோகம் தொடாமல், அகச்சிவப்புக் கதிர் மறைவதை வைத்து அழுத்தத்தை அறியும் ஆப்டிகல் சுவிட்சுகள் இப்போது பல மாடல்களில் வருகின்றன. அவற்றில் இந்த வகைத் தேய்மானம் இல்லை. கிளிக் ஓசையும் தொடுவுணர்வும் எல்லோருக்கும் பிடிப்பதில்லை, கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஏழு வண்ணத்தில் ஒளிரும் மாடல் நல்லதா?

பதில்: ஆடும்போது அந்த ஒளி உங்கள் உள்ளங்கைக்கு மட்டுமே தெரியும். பேட்டரியோ அதற்காகவும் கரையும்.

கேள்வி: காற்றில் போகும் சமிக்ஞை வழியே யாராவது என் கணினிக்குள் நுழைய முடியுமா?

பதில்: வீண் பயம் என்று சொல்லிவிட மாட்டேன். 2016-இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் மவுஸ்ஜாக் என்று பெயரிட்ட ஓட்டையை வெளியிட்டது. பல நிறுவனங்களின் டாங்கிள்கள், மவுஸ் போல நடித்து வந்த அந்நியச் சமிக்ஞையை ஏற்றுக்கொண்டு, அதைக் கீபோர்டில் தட்டச்சு செய்தது போலக் கணினிக்கு அனுப்பிவிட்டன. அதன்பின் சில நிறுவனங்கள் டாங்கிளுக்கான மென்பொருள் திருத்தம் வெளியிட்டன. அந்தக் காலத்துப் பழைய டாங்கிள் இன்னும் செருகியபடி இருந்தால் திருத்தம் போட்டுக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் கழற்றிவிடுங்கள். வீட்டில் விளையாடுபவருக்கு ஆபத்து குறைவு. நிறுவனக் கணக்கு வழக்குகள் உள்ள கணினிக்கு ஒயர் மவுஸ் போதும்.

கேள்வி: நண்பர் தன் பழைய வயர்லெஸ் மவுஸைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: ஒயர் மவுஸ் என்றால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். வயர்லெஸ் என்றால் முதல் கேள்வி, டாங்கிள் எங்கே? சில நிறுவனங்கள் மாற்று டாங்கிளை இணைக்க மென்பொருள் தருகின்றன, சில தருவதில்லை. புளூடூத்தும் இல்லாத மாடலில் டாங்கிள் தொலைந்திருந்தால் அந்த மவுஸ் ஒயரில் மட்டுமே ஓடும், ஏஏ பேட்டரி மாடலாக இருந்தால் அதுவும் இல்லை.

டாங்கிள் இருக்கிறதென்றால், முழுக்க சார்ஜ் ஏற்றி ஒருநாள் இரவல் கேளுங்கள். மாலைக்குள் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள். ஒரு காலிக் கோப்புறை மீது ஒற்றைக் கிளிக்காக, சற்று இடைவெளி விட்டுப் பலமுறை தட்டிப் பாருங்கள். அது தானாகத் திறந்துகொண்டால் சுவிட்ச் போய்விட்டது. சார்ஜ் துளையில் கேபிளை மாட்டி மெல்ல அசைத்துப் பாருங்கள், சார்ஜ் விட்டுவிட்டு ஏறினால் துளை தளர்ந்திருக்கிறது. அந்தத் துளை உட்குழிவாக இருந்தால் எல்லா கேபிளும் உள்ளே நுழையாது, ஆகவே அதற்குரிய கேபிளையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். நண்பர் என்பதால் கூச்சப்படாதீர்கள்.