தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மதுரையிலிருந்து வந்து லண்டனில் முதுகலை படிக்கிறேன். ஓராண்டுப் படிப்பு. ஊரில் கல்லூரி நாடகங்களில் நடித்திருக்கிறேன், கூத்தும் பார்த்திருக்கிறேன். இங்கே வந்த முதல் மாதமே, பெரிய அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் ஒரு பெரிய இசை நாடகத்துக்கு 65 பவுண்டு கொடுத்து டிக்கெட் எடுத்தேன். இருக்கைக்கு முன்னால் ஒரு தூண். மேடையின் இடது பாதி கடைசிவரை தெரியவேயில்லை. பாட்டு வரிகளும் பாதிக்குமேல் புரியவில்லை. அந்த மாதம் வேறு எதற்கும் காசு மிஞ்சவில்லை.

மாதம் 60 பவுண்டுக்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது. ஊர் சுற்றிப் பார்க்கவும் ஆசை. அறைத்தோழிகள் ராட்டினம், மெழுகுச் சிலைகள் என்று கூப்பிடுகிறார்கள். அதற்குப் போனால் நாடகம் இல்லை. எப்படித் திட்டமிடுவது? எந்த இருக்கை வாங்குவது? ஆங்கிலம் காதில் ஏற என்ன வழி? ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய் ஓர் இரவு தங்கத்தான் வேண்டுமா?

ச., லண்டன்

அன்புள்ள ச.,

60 பவுண்டில் மாதம் நான்கு நாடகம் பார்க்கலாம். ஊர் சுற்றுவதற்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்கவும் வேண்டாம். லண்டனில் அரங்குகள் இருக்கும் தெருக்களிலேயே ஊரின் பழைய கதை பாதி கிடக்கிறது. நாடகத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அந்தப் பகுதியில் போய் இறங்கினால் இரண்டும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

முதலில் தூண். வெஸ்ட் எண்ட் அரங்குகளில் பெரும்பாலானவை 1880களிலிருந்து 1930கள்வரை கட்டப்பட்டவை. பழைய முறையில், மேல்மாடங்களின் பாரத்தைக் கீழேயுள்ள இரும்புத் தூண்கள்தான் சுமந்தன. எஃகுத் தாங்கிகளைச் சுவருக்குள்ளிருந்து நீட்டி மாடத்தை அந்தரத்தில் நிறுத்தும் முறை 1890களில் பரவியது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் மேட்சம் 1904இல் கட்டிய லண்டன் கொலிசியம் அரங்கு இந்தப் புதிய முறையில் எழுந்தது. ஆகவே அரங்கு எவ்வளவு பழையதோ அவ்வளவு கவனம் தேவை. நேர்மையான விற்பனைத் தளங்களில், வரைபடத்தில் இருக்கையைத் தொட்டதும் 'பார்வை மறைக்கும்' என்ற குறிப்பு வரும். பணம் கட்டும் முன் அதைத் திறந்து, எது மறைக்கிறது என்று படியுங்கள். தூண் என்றால் வேண்டாம். கைப்பிடிக் கம்பி என்றால் சமாளிக்கலாம். 'மேடையின் மேற்பகுதி தெரியாது' என்றால் அது கீழ்த்தளத்தின் பின்வரிசை, தலைக்குமேல் மாடத்தின் அடிப்பகுதி வந்து மறைக்கிறது என்று பொருள். வசன நாடகத்துக்கு அதனால் பெரிய நட்டமில்லை, இரண்டடுக்கு மேடையமைப்பு உள்ள இசை நாடகத்துக்கு நட்டம்தான்.

எந்தக் குறிப்பும் இல்லாமல் தூண் வந்து நின்றால், நாடகம் தொடங்கும் முன்பே வாசலில் நிற்கும் பணியாளரிடம் சொல்லுங்கள். காலி இருக்கை இருந்தால் மாற்றிவிடுவார்கள். இடைவேளையில் கேட்டாலும் பலன் உண்டு. முடிந்தபின் கேட்டால் ஒன்றும் நடக்காது.

மேலே போகப் போக விலை குறையும், ஆனால் எல்லா மலிவும் ஒன்றல்ல. உச்சி மாடத்தின் முதல் வரிசையில் பாதுகாப்புக் கம்பி சரியாகக் கண்மட்டத்தில் வரும். முன்னால் சாய்ந்து பார்த்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். இரண்டாவது, மூன்றாவது வரிசையின் நடுப்பகுதிதான் அங்கே நல்ல இடம். கால் நீட்ட இடமிருக்காது. ஏழைகளுக்கென்று பெஞ்சு போட்டு வைத்திருந்த மாடம் அது. பல அரங்குகளில் அதற்கான வாசல்கூட இன்றும் பக்கவாட்டுத் தெருவில் தனியாக இருக்கிறது.

மேடையின் வடிவத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். படச்சட்டம் போல முன்பக்கம் மட்டும் திறந்த மேடையில் ஓரத்து இருக்கை மோசம். மூன்று பக்கமும் ஆட்கள் சூழ்ந்த மேடையில் ஓரமும் நடுவும் ஏறக்குறைய ஒன்றுதான், நடிகர்கள் திரும்பிக்கொண்டே இருப்பார்கள். கூத்துக் களரியில் பார்த்துப் பழகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோவென்ட் கார்டனில் 251 இருக்கை மட்டுமே உள்ள டான்மார் வேர்ஹவுஸ் அப்படிப்பட்டது. அங்கே மலிவான பக்க இருக்கையைத் தயங்காமல் வாங்கலாம்.

நேஷனல் தியேட்டரிலிருந்து தொடங்குங்கள். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் டெனிஸ் லாஸ்டன் வடிவமைத்து 1976இல் திறந்த கட்டடம். ஒரே கூரைக்குள் மூன்று அரங்குகள். ஆலிவியர், கிரேக்கத்தின் எபிடாரஸ் அரங்கை மனத்தில் வைத்து விசிறிபோல் விரித்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். லிட்டில்டன் சட்டக மேடை. டார்ஃப்மன் சிறியது, ஒவ்வொரு நாடகத்துக்கும் இருக்கைகளை மாற்றிப் போடுவார்கள். மூன்றிலும் ஒவ்வொன்று பார்த்தால் மேடை வடிவம் நடிப்பை என்ன செய்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கு அங்கே 10 பவுண்டு டிக்கெட் உண்டு, இணையத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டால் போதும். வயது கடந்திருந்தாலும் கவலையில்லை. வெள்ளிக்கிழமை பகல் 1 மணிக்கு அடுத்த வாரக் காட்சிகளுக்கான 10 பவுண்டு டிக்கெட்டுகளைத் திறந்துவிடுவார்கள். 1 மணிக்குச் சில நிமிடங்கள் முன்பே இணைய வரிசையில் நின்றுவிடுங்கள். புகழ்பெற்ற நடிகர் இருக்கும் நாடகம் உடனே தீர்ந்துவிடும். திங்கள், செவ்வாய்க் காட்சிகளைக் கேட்டால் கிடைப்பது எளிது.

அடுத்தது குளோப், ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கைப் போலவே மறுபடி கட்டியது. சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகரின் பல்லாண்டு முயற்சியால் 1997இல் திறந்தது. 1666 பெருந்தீக்குப்பின் லண்டனில் ஓலைக்கூரை வேய அனுமதி பெற்ற முதல் கட்டடம் இதுதான். வட்ட முற்றத்தில் 700 பேர்வரை நின்று பார்க்கலாம். நிற்கும் டிக்கெட் 5 பவுண்டிலிருந்து தொடங்குகிறது. பருவம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர்வரை. மேடைக்குக் கூரை உண்டு, முற்றத்துக்கு இல்லை. மழை வந்தாலும் நாடகம் நிற்காது, குடை விரிக்க விடமாட்டார்கள். முழங்கால்வரை வரும் மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். நாடகம் நடக்கும்போது தரையில் உட்காரவும் கூடாது. மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், ஆகவே தட்டையான செருப்பு, வயிற்றில் கொஞ்சம் சாப்பாடு, கையில் தண்ணீர். கோடை வெயிலில் மயங்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள்தான்.

முற்றத்தில் இரண்டு இடங்கள் நல்லவை. ஒன்று மேடையின் விளிம்பு: கையை ஊன்றிக்கொள்ளலாம், நடிகர் உங்களிடமே பேசுவார். மற்றது பின்சுவர்: முதுகைச் சாய்க்கலாம், மேடை முழுவதும் தெரியும். நடுவில் நின்றால் இரண்டும் கிடைக்காது, மேடையின் இரு பெரிய தூண்களும் மாறி மாறி மறைக்கும். விளிம்பு வேண்டுமென்றால் கதவு திறக்கும் முன்பே வரிசையில் இருக்க வேண்டும். 40 பவுண்டு கொடுத்து மாடத்தில் மரப்பெஞ்சில் அமர்வதைவிட முற்றமே மேல் என்பேன். அந்த நாடகங்கள் நிற்கிறவர்களைப் பார்த்துப் பேசுவதற்காக எழுதப்பட்டவை.

குளோப் நாளில் மதியமே வாட்டர்லூவில் இறங்கி ஆற்றோரமாகக் கிழக்கே நடங்கள். வாட்டர்லூ பாலத்தடியில் பழைய புத்தகக் கடைகள். பிறகு டேட் மாடர்ன், முன்பு மின்நிலையமாக இருந்து 2000இல் கலைக்கூடமான கட்டடம், நிரந்தரத் தொகுப்புக்குக் கட்டணமில்லை. குளோப்பைத் தாண்டி உள்ளே பார்க் தெருவுக்குப் போனால் அசல் குளோப் நின்ற இடத்தில் ஒரு பலகை இருக்கும். 1613இல் நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி ஓலையில் பட்டு எரிந்தது அங்கேதான். அதே தெருவில் அந்தக் காலத்து இன்னோர் அரங்கான ரோஸின் அடித்தளம் இருக்கிறது, 1989இல் அலுவலகக் கட்டடத்துக்குத் தோண்டியபோது வெளிப்பட்டது. இன்னும் சற்று நடந்தால் சதர்க் பேராலயம். ஷேக்ஸ்பியரின் தம்பி எட்மண்ட் 1607இல் அங்கே அடக்கம் செய்யப்பட்டார், அவரும் நடிகர்தான். பக்கத்திலேயே பரோ சந்தை, திங்களன்று கிடையாது.

கோவென்ட் கார்டன் பக்கம் நாடகம் என்றால் இனிகோ ஜோன்ஸ் கட்டிய புனித பவுல் தேவாலயத்துக்குள் போய்ப் பாருங்கள். நடிகர்களின் தேவாலயம் என்றே பெயர், சுவரெல்லாம் அவர்கள் நினைவுப் பலகைகள். நாட்குறிப்புக்குப் பெயர்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1662இல் அருகில் பொம்மலாட்டம் பார்த்ததை வெளியே முகப்புத் தூண்களுக்கடியில் சுவரில் பொறித்திருக்கிறார்கள். ஷாவின் 'பிக்மேலியன்' தொடங்குவதும் அந்தத் தூண்களுக்கடியில்தான். வெள்ளிக்கிழமை நாடகமில்லை என்றால் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், அன்று இரவு 10 மணிவரை திறந்திருக்கும். அங்கே நாடகக்கலைக்கென்றே தனிக்கூடங்கள் உண்டு: உடைகள், மேடை மாதிரிகள், சுவரொட்டிகள். பிரிட்டிஷ் மியூசியமும் வெள்ளிக்கிழமை 8.30வரை. சென்னை அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கக்கூடிய அமராவதிச் சிற்பங்களின் இன்னொரு பகுதி அங்கே இருக்கிறது. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

வெஸ்ட் எண்ட் நாடகங்களுக்கு அன்றைய டிக்கெட் பாருங்கள். பல நாடகங்கள் காலை 10 மணிக்குக் கைபேசிச் செயலிகளில் 25, 30 பவுண்டுக்குச் சில இருக்கைகளை விடும். லெஸ்டர் சதுக்கத்தின் பூங்காவுக்குள் தனியாக நிற்கும் டிகேடிஎஸ் (TKTS) என்ற சலுகை டிக்கெட் கூண்டுதான் லண்டன் அரங்குகளின் சங்கம் நடத்துவது. சுற்றிலும் 'பாதி விலை' என்று பலகை வைத்த கடைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கே வாங்கினாலும், அதே இருக்கை அரங்கின் சொந்தத் தளத்தில் என்ன விலை என்று ஒருமுறை பாருங்கள். இடைத்தரகர் கட்டணம் அப்போது தெரிந்துவிடும்.

சிறிய அரங்குகளை விட்டுவிடாதீர்கள். ஸ்லோன் சதுக்கத்து ராயல் கோர்ட்டில் திங்கட்கிழமை டிக்கெட்டுகள் மலிவு, அன்று காலை இணையத்தில் வரும். ஏர்ல்ஸ் கோர்ட்டின் ஃபின்பரோ ஐம்பது பேர் அமரும் அறை, நடிகரின் மூச்சே கேட்கும். ஏர்ல்ஸ்ஃபீல்டு ரயில் நிலையத்தை ஒட்டிய தாரா அரங்குக்கு அவசியம் போங்கள். 1976இல் சவுத்தாலில் குர்தீப் சிங் சக்கர் என்ற இளைஞர் இனவெறியால் கொல்லப்பட்டதையடுத்து ஜதிந்தர் வர்மாவும் நண்பர்களும் மறு ஆண்டு தொடங்கிய குழு அது. அங்கிருந்து பேருந்தில் டூட்டிங் போனால் ஈழத்தமிழர் கடைகளில் இரவுச் சாப்பாடும் ஆயிற்று.

ஆக மாதக் கணக்கு: நேஷனல் 10, குளோப் முற்றம் 10, சிறிய அரங்கு 15, அன்றைய டிக்கெட்டில் வெஸ்ட் எண்ட் 25. குளிர்காலத்தில் குளோப்புக்குப் பதில் நேஷனலில் இன்னொன்று.

மொழிக்கு வருகிறேன். உங்கள் காதில் குறை ஒன்றுமில்லை. சேர்ந்திசையில் பல குரல் ஒன்றாகப் பாடும்போது உள்ளூர்க்காரர்களுக்கும் வரிகள் நழுவும். பழைய நாடகம் என்றால் பிரதியை நூலகத்தில் எடுத்து முதல் அங்கத்தை மட்டும் வாய்விட்டுப் படித்துவிட்டுப் போங்கள். பாத்திரங்களின் பெயரும் உறவும் அதில் பிடிபட்டுவிட்டால் மீதியை உடல்மொழி இழுத்துக்கொண்டு போகும். புதிய நாடகங்கள்தான் உண்மையில் கடினம், வட்டார வழக்கும் பாதியில் நிற்கும் வாக்கியங்களும் நிறைய. ராயல் கோர்ட்டில் நாடகப் பிரதியையே குறைந்த விலைக்கு விற்பார்கள், அரைமணி முன்பே போய் வாங்கிப் புரட்டலாம். இன்னொரு நல்ல வழி எழுத்துத் திரையுள்ள காட்சி. காது கேளாதோருக்காக மேடையோரத்தில் வசனங்கள் ஓடும். பெரிய அரங்குகளில் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒன்றிரண்டு காட்சிகள் அப்படி இருக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம். திரை தெரியும் இருக்கை எது என்று கேட்டு வாங்குங்கள்.

பிடித்த நாடகத்தை இரண்டு முறை பாருங்கள். விமர்சகர்கள் வரும் இரவுக்கு முந்தைய முன்னோட்டக் காட்சிகளில் விலை குறைவு, அப்போது இன்னும் வெட்டிக்கொண்டும் மாற்றிக்கொண்டும் இருப்பார்கள். கடைசி வாரத்தில் மறுபடி, வேறு பக்கத்து இருக்கையிலிருந்து. எது நீங்கியது, எங்கே வேகம் கூடியது என்று ஒப்பிட்டு எழுதி வையுங்கள். நாடகம் கற்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பயன்தரும் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

போக்குவரத்தில் ஒரு நுணுக்கம். லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டரின் மாணவர் அட்டையில் கிடைக்கும் 30 சதவீதச் சலுகை வார, மாதச் சீட்டுகளுக்கு மட்டும்தான், ஒவ்வொரு பயணமாகக் கட்டுவதற்கு இல்லை. 16–25 ரயில்கார்டு என்ற ரயில் சலுகை அட்டை வாங்கி (25 வயது கடந்த முழுநேர மாணவருக்கும் கிடைக்கும்) நிலையப் பணியாளரிடம் கொடுத்து ஆய்ஸ்டரோடு இணைக்கச் சொல்லுங்கள். நெரிசலற்ற நேரத்தில் ரயில் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறையும். வங்கி அட்டையைத் தட்டினால் இந்தச் சலுகை விழாது. வார நாட்களில் மாலை 4 முதல் 7வரை நெரிசல் நேரம், 7.30 நாடகத்துக்குப் போகிற எல்லோரும் மாட்டிக்கொள்வது அங்கேதான். 4 மணிக்கு முன் போய் ஊரைப் பார்த்தால் அதுவும் மிச்சம். திரும்பும்போது அவசரமில்லை என்றால் பேருந்து: முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம். நாடகத்துக்கு மட்டும் தாமதமாகப் போகாதீர்கள். இடைவேளை இல்லாத ஒன்றரை மணி நேர நாடகங்களில் உள்ளே விடாமலே போகலாம்.

ஸ்ட்ராட்ஃபோர்டில் இரவு தங்க வேண்டாம். மாலைக் காட்சி முடிந்து லண்டன் திரும்புவதுதான் சிக்கல், ஆகவே சனிக்கிழமை மதியக் காட்சி எடுங்கள். மேரில்போன் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ராயல் ஷேக்ஸ்பியர் அரங்கை 2010இல் மாற்றிக் கட்டியபின் கடைசி இருக்கையும் மேடையிலிருந்து 15 மீட்டருக்குள்தான், அதனால் மலிவானதை வாங்கலாம். இளையோருக்கு அங்கேயும் 10 பவுண்டு டிக்கெட் உண்டு. காலையில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஷேக்ஸ்பியரின் கல்லறையைப் பார்த்துவிடுங்கள், எலும்பை நகர்த்துகிறவனுக்குச் சாபம் இடும் வரிகள் அதன்மேல் இருக்கின்றன. நாடக டிக்கெட் கையில் வந்தபிறகே ரயில் டிக்கெட் எடுங்கள். வார நாளில் போவதென்றால் காலை 10 மணிக்குப் பிந்தைய ரயிலைப் பிடியுங்கள். அதற்குமுன் ரயில்கார்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு, குறுகிய தூரங்களில் சலுகையையே அது விழுங்கிவிடும்.