இந்தக் காலத்து ஆர்ட்டிஸ்டுங்க வேலைல என்ன விஷயம் இருக்கு, யாரோடத பாத்தா புரியும்?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தது இதுதான்: கேலரிக்குப் போனா ஒரு எடத்துல கயிறு தொங்குது, இன்னொரு எடத்துல சாணி இருக்கு, இதுல என்ன தீம், எனக்கு மட்டும்தான் புரியலையா?

நான் ஆர்ட் படிச்சவன் இல்ல. முக்கூடல் பக்கம் ஊரு, எங்கம்மா பீடி சுத்தித்தான் எங்கள படிக்க வச்சாங்க. ஆனா பத்து வருசமா இந்த வேலைகள தேடித்தேடி பாத்துட்டு வாரேன், அதனால எனக்குக் கெடச்ச வழிய சொல்லுதேன்.

நம்ம பக்கத்து ஆளுகளுக்கு படம்னா என்னன்னு காட்டிக் குடுத்தது கோவில்பட்டிதான். கொண்டையராஜுவும் (1898–1976) அவரோட சிஷ்யங்களும் வரைஞ்ச சாமி படமெல்லாம் சிவகாசில காலண்டரா அச்சாகி நம்ம தாத்தா வீட்டு சுவத்துல இருந்து டீக்கடை வரைக்கும் தொங்குச்சு. வேலும் மயிலும் இருந்தா முருகன், அதுல கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, கும்புட்டா போதும். அந்தப் பழக்கத்தோட இப்ப உள்ளவங்க வேலை முன்னாடி போய் நின்னா யாரா இருந்தாலும் முழிக்கத்தான் செய்வாங்க, அது உங்க குறை இல்ல.

நானும் முழிச்சேன். 2015 ஆரம்பத்துல கூட்டாளி ஒருத்தன் கூப்ட்டான்னு குருவாயூர் எக்ஸ்பிரஸ்ல ஏறி எர்ணாகுளம் எறங்கி, போட்ல அந்தப் பக்கம் போய் கொச்சி பினாலே பாத்தோம், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நடத்துற பெரிய ஆர்ட் கண்காட்சி அது. காலைல இருந்து நாலஞ்சு எடம் சுத்தி எனக்கு ஒண்ணுமே ஒட்டல, கால் வலிதான் மிச்சம். மத்தியானத்துக்கு மேல பெப்பர் ஹவுஸ்னு தண்ணி ஓரத்துல ஒரு பழைய சரக்கு கிட்டங்கி, அதுக்குள்ள போனா சிலைய பாக்கறதுக்கு முன்னாடியே வாசம் வந்துட்டு. சாம்பிராணி, கிராம்பு, பட்டை. பெனிதா பெர்சியலோட வேலை அது, திருவண்ணாமலைல பொறந்தவங்க, சென்னை கவின்கலைக் கல்லூரில படிச்சவங்க. பழைய சர்ச்சுல இருக்க மரச் சிலை மாதிரிதான் தெரியும், ஆனா மரம் இல்ல, மரப்பட்டைத் தூளும் சாம்பிராணியும் மசாலாச் சாமானும் சேத்து பிசைஞ்சு அச்சுல வார்த்தது. மொளகும் பட்டையும் ஏத்துறதுக்கு வந்த அதே கடல் வழிலதான் அந்த மதமும் இந்தக் கரைக்கு வந்துச்சு, அவங்க அந்தச் சரக்க வச்சே சாமி உருவத்த செஞ்சுட்டாங்க. போர்டுல எழுதி வச்சிருந்தத நான் வாசிக்கக்கூட இல்ல, மூக்கு வழியாவே வெளங்கிட்டு.

அங்க நின்னப்ப எனக்கு எங்க வீட்டு ஞாபகம் வந்துச்சு. எங்க வீட்டுப் படியேறுனா மொதல்ல புகையிலை வாசம்தான் அடிக்கும். பாளையங்கோட்டைல காலேஜ் படிச்ச மூணு வருசமும் சட்டைல அது அடிக்குதோன்னு பயந்து பயந்து பஸ்ல தள்ளி நின்னவன் நான். அப்பேர்ப்பட்ட வாசத்த ஒருத்தங்க கலையா கொண்டுவந்து நடுக்கூடத்துல வைக்க முடியும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அன்னைல இருந்து எந்த வேலை முன்னாடி நின்னாலும் இதுக்கு என்ன அர்த்தம்னு நான் கேக்கறதே இல்ல. எதால செஞ்சிருக்கு, அந்தப் பொருள் எங்க இருந்து வந்துச்சு, யாரு கை அதுல பட்டிருக்கு, இதத்தான் கேக்கேன், நீங்களும் இப்படிக் கேட்டுப் பாருங்க.

நீங்க சொன்ன சாணியையே எடுங்க. அது யார் வேலைனு எனக்குத் தெரியாது, ஆனா கர்நாடகாவுல பத்ராவதில பொறந்த ஷீலா கவுடா, பெயிண்டிங் படிச்சவங்க, 90கள்ல பெயிண்ட்ட விட்டுட்டு சாணிய கைல எடுத்தாங்க. வாசல் தெளிக்கதும் அதான், வரட்டி தட்டுறதும் அதான், சாமிக்கும் ஆகும், பொம்பளைங்க காலைல எந்திச்சு தெனமும் தொடுற பொருளும் அதான். அவங்களோட இன்னொரு வேலை, ‘என் வலிய அவன்கிட்ட சொல்லு’னு தலைப்பு, 1998ல மொதல்ல செஞ்சது. நூல ஒவ்வொண்ணா ஊசிக் கண்ணு வழியா முழு நீளத்துக்கும் இழுத்து, மொத்தத்தையும் ஒண்ணு சேத்து குங்குமமும் பசையும் பூசி செக்கச்செவேல்னு ஒரு கயிறாக்கி சுவத்துலயும் தரையிலயும் ஓட விட்டிருப்பாங்க, நுனில ஊசியெல்லாம் கொத்தா தொங்கும். தூரத்துல பாத்தா கொடல் மாதிரி இருக்கும்.

இத போன்ல எங்கம்மாட்ட காட்டுனேன். அம்மா சொளவ மடில வச்சு பீடிக்கு நூல் கட்டிட்டு இருந்தாங்க, கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. "ஏய்யா, இம்புட்டு நூலையும் ஒத்த ஒத்தையாவா இழுத்தா? வெரலு என்னத்துக்கு ஆகும்?" அம்புட்டுதான் கேட்டாங்க. விமர்சனம்னு நான் எத்தனையோ வாசிச்சிருக்கேன், இதவிட சரியா யாரும் அந்த வேலைய தொட்டதா எனக்குத் தெரியல.

பிரபாகர் பாச்புதேனு ஒருத்தர், மகாராஷ்டிரா சந்திராபூர் பக்கம், நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்த குடும்பம், அவர் சுரங்கத்து ஆளுகள வரையுறது கரிக்கட்டியாலதான். இதுக்கு வெளக்கம் வேற வேணுமா.

ஐ வெய்வெய் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, சீனாக்காரர். 2010ல லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்துல 10 கோடி சூரியகாந்தி விதைய கொட்டி வச்சார், எல்லாம் பீங்கான், ஜிங்டெஜென்ங்கற ஊர்ல 1,600 பேர் உக்காந்து கையால தீட்டுனது. ஜனங்க அது மேல நடக்கலாம்னு விட்டாங்க, ரெண்டு மூணு நாள்லயே தூசி பறக்குது, ஒடம்புக்கு ஆகாதுன்னு நிப்பாட்டிட்டாங்க. எல்லாரும் அந்த 10 கோடிய சொல்லுவாங்க, எனக்கு அந்தத் தூசி மேலதான் கண்ணு. பாக்க வந்தவங்களுக்கு மூணு நாள்ல தடை போட்டாச்சு. எங்கம்மா முப்பது வருசமா தூளுக்கு முன்னாடி உக்காந்திருக்காங்க, ராத்திரில இருமுவாங்க.

எல்லாரும் எனக்குப் பிடிக்கும்னு இல்ல. சுபோத் குப்தாவோட எவர்சில்வர் பாத்திரக் குவியல் பளபளன்னு இருக்கும், ஆனா சமையக்கட்டுல கரி தேச்ச கைய நான் அதுல தேடித்தேடி பாத்து கெடைக்கல. இது என் அபிப்பிராயம்தான்.

கடைசியா யாழ்ப்பாணத்து ஆர்ட்டிஸ்ட் தா. சனாதனன். சண்டைல வீட்ட விட்டு ஓடுன தமிழ் பேசுற ஆளுகள்ட்ட, உங்க பழைய வீட்ட ஞாபகத்துல இருந்து வரைஞ்சு தாங்கன்னு கேட்டு, அந்தக் கோணல்மாணல் படத்தையும், அத முறையா அளவு போட்ட பிளானையும், தான் வரைஞ்ச ஓவியத்தையும் சேத்து 2011ல ஒரு புத்தகமாவே கலைய செஞ்சார். ‘முடிவுறாத தோம்பு’னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் தலைப்பு. தோம்புன்னா டச்சுக்காரன் காலத்து நெலப் பதிவேடு. பதிவேட்டுல ஏறாத வீடுகளுக்கு அவர் போட்ட பதிவேடு அது.

மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்ல இருந்து 2024ல கீழ எறங்குன ஆளுகள்ல எங்க தூரத்துச் சொந்தம் ஒரு சித்தி உண்டு. போன தை மாசம் பேப்பரும் பென்சிலும் குடுத்து, சித்தி நீங்க இருந்த லைன் வீட்ட வரைங்கன்னு கேட்டேன். எனக்கு வரைய வராதுய்யான்னு கொஞ்ச நேரம் பிகு பண்ணிட்டு ஆரம்பிச்சாங்க. மொதல்ல வெளிய இருந்த தண்ணிக் கொழாய போட்டாங்க, அப்புறம் அது பக்கத்துல துணி தொவைக்குற கல்லு, அப்புறம் அடுப்பு. சுவரு போடவே இல்ல. அந்தப் பேப்பர் எங்கிட்டதான் இருக்கு.