ஸ்பென்சர் வெட்டிய அத்தியாயம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சரின் பழைய பதிப்புகளைச் சேர்த்துவருகிறேன். 1862-இல் வந்த ‘ஃபர்ஸ்ட் பிரின்சிபிள்ஸ்’ முதல் பதிப்பு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. துணி அட்டை நைந்திருப்பதால் தோல் பைண்டிங் போட்டுத் தருகிறேன் என்கிறார் வியாபாரி. வாங்கலாமா? ‘தக்கன பிழைக்கும்’ என்ற இனவெறியருக்கு இவ்வளவு செலவா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ராமபாணப் பூச்சிக்கு என்ன செய்வது?

ர.

அன்புள்ள ர.,

பூச்சிக்கு மருந்து, அடிக்கடி எடுத்துப் படிப்பதுதான். நண்பர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். 1864-இல் அந்தச் சொற்றொடரை எழுதியவர், ஏழைகளுக்கு அரசு உதவுவதை எதிர்த்தவர், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போரையும் பேரரசு வெறியையும் கடைசிவரை சாடியவர், எல்லாம் ஒரே ஆள்தான். 1903 டிசம்பரில் அவருடைய தகனத்தின்போது, ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பெயரில் சொற்பொழிவு நடக்க ஆயிரம் பவுண்டு தருவதாக அறிவித்தவர் இந்திய விடுதலைப் போராளி ஷியாம்ஜி கிருஷ்ண வர்மா. படிக்காமல் பேசுபவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தோல் பைண்டிங் கூடவே கூடாது. ஓரத்தைச் சீவுவார்கள், கடைசியில் இருக்கும் பதிப்பாளர் விளம்பரத் தாள்களைக் கிழித்துப் போடுவார்கள். நைந்த அட்டை நைந்தே இருக்கட்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது வேறு. ஸ்பென்சர் 1851-இல் வெளியிட்ட ‘சோஷியல் ஸ்டாட்டிக்ஸ்’ பற்றி ஒரு வார்த்தை இல்லையே!

மாணவனாக இருந்தபோது அமெரிக்க நிலச் சீர்திருத்தவாதி ஹென்றி ஜார்ஜின் ‘புராக்ரஸ் அண்ட் பாவர்ட்டி’ படித்தேன். நிலத்தில் தனியுடைமை நீதியாகாது என்பதற்கு ஸ்பென்சரைத்தான் சாட்சிக்கு அழைத்திருந்தார். பூமி முழுவதும் சிலரின் சொத்தாகிவிட்டால் மற்றவர்கள் காலூன்றி நிற்பதற்கும் அவர்களுடைய தயவு வேண்டும் என்பது ஸ்பென்சரின் வாதம். ‘சோஷியல் ஸ்டாட்டிக்ஸ்’ மூலத்தில் அது ஒன்பதாம் அத்தியாயம். ஒரு பேராசிரியரிடம் கெஞ்சிப் புத்தகத்தை வாங்கிவந்து பொருளடக்கத்தில் விரலை ஓட்டினேன். அந்தத் தலைப்பே இல்லை. முகப்புத் தாளைத் திருப்பினால், ‘சுருக்கித் திருத்தியது’, 1892.

வெட்டியவர் ஸ்பென்சரேதான். 1851-இல் எழுதியதை நிலச் சீர்திருத்தக்காரர்கள் தூக்கிப்பிடித்தார்கள்; 1889-இல் ‘டைம்ஸ்’ இதழில் வாக்குவாதம் வெடித்தது; அவர் பின்வாங்கினார். அரசைப் புறக்கணிக்க மனிதனுக்குள்ள உரிமை பற்றிய அத்தியாயமும் அதே பதிப்பில் போயிற்று. கொதித்துப்போன ஜார்ஜ் அவரை எதிர்த்து 1892-இலேயே ஒரு தனிப் புத்தகமே எழுதினார். மனம் மாற எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் நாற்பது ஆண்டு ஊர் படித்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு அதே தலைப்பில் புத்தகத்தை விற்றால், பின்னால் வருபவனுக்கு அந்த மாற்றம் எப்படித் தெரியும்? முழுப் பதிப்பு எங்கோ ஓர் அலமாரியில் தங்கினால்தான் தெரியும். பழைய புத்தகம் சேர்ப்பவனுக்கு இதைவிட முக்கியமான வேலை எது? நீங்களோ தோல் அட்டை அழகாக இருக்குமா என்று கேட்கிறீர்கள்.

வெட்டுப்படாத ‘சோஷியல் ஸ்டாட்டிக்ஸ்’ முதலில் வாங்குங்கள். 1851 கைக்கு எட்டாவிட்டால், 1892-க்கு முன் வந்த எந்த அச்சானாலும் சரி. பொருளடக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, ஒன்பதாம் அத்தியாயம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அடுத்து 1892. அதோடு 1891-இல் வந்த ‘ஜஸ்டிஸ்’. நிலம் பற்றித் தன் மாற்றத்துக்கு அவர் சொல்லும் காரணம் அதன் பின்னிணைப்பில் இருக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். அதற்குமேல் கையில் பணம் மிஞ்சினால் 1862-ஐப் பார்க்கலாம்.