மேல்தள ஷவருக்கு எந்த பிரஷர் பம்ப் பொருந்தும்?

மொட்டை மாடித் தொட்டி நிறைந்திருந்தும் மேல்தள ஷவரில் நீர் நூலாக வடிகிறது, எந்த பம்ப் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும் என்பதால், ஷவருக்கு 2 மீட்டர் மேலே நிற்கும் தொட்டி தருவது 0.2 பார்தான், கீழ்த்தளத்தில் குறை தெரியாததும் இதனாலேயே. ஆகவே மேல்தளக் குழாய்க்கு மட்டும் பம்ப் போதும். அதற்கு முன் ஷவர் தலையைக் கழற்றிப் பாருங்கள். உப்புநீர் உள்ள ஊர்களில் வெள்ளைப் படிவு துளைகளை அடைத்திருக்கும்.

நீரோட்டத்தை உணர்ந்து ஓடும் பம்ப் விலை குறைவு. ஆயினும் அது இயங்கத் தொடங்கவே ஓரளவு நீர் பாய வேண்டும், உங்கள் வீட்டில் அந்தப் பாய்ச்சலே ஐயத்துக்குரியது. எனவே பிரஷர் சுவிட்சும் (குழாயில் அழுத்தம் குறைந்தால் பம்பை ஓட்டி, ஏறினால் நிறுத்துவது) சிறிய பிரஷர் டேங்கும் (அழுத்தப்பட்ட காற்றோடு சிறிது நீரைத் தேக்கி வைக்கும் கலன்) சேர்ந்த அமைப்பையே பரிந்துரைக்கிறேன். டேங்க் இல்லையேல், சொட்டும் ஒரே குழாய்கூட மோட்டாரை அடிக்கடி ஓட்டி நிறுத்திப் பழுதாக்கிவிடும். டேங்கின் காற்றழுத்தத்தை, நீரை முழுதும் வடித்த பிறகு, பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 0.2 பார் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். பொருத்துபவர்கள் பலர் மறப்பது இதைத்தான். தொட்டி வறண்டால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பும் கட்டாயம் வேண்டும்.